யார் கை வைத்த பிஸ்டல்?

பழைய பிஸ்டல் சேகரிப்பில் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது, யாரும் கை வைக்காததைத் தேடு என்பதுதான். முதல் உலகப்போர்க் காலத்து கோல்ட் நிறுவனத்து 1911 பிஸ்டலில் ஒரு சைட்டை (குறிபார்க்கும் பாகம்) மாற்றியிருந்தாலும், ப்ளூயிங்கை (எஃகின் நீலக்கறுப்புப் பூச்சு) புதுப்பித்திருந்தாலும் விலை சரிந்துவிடும். மாற்றிச் செய்த பிஸ்டல்களைச் சேகரிக்க வருபவர் இந்தப் பாடத்தைத் தலைகீழாக்கிப் படிக்க வேண்டும். இங்கே காசு பெறுவது ஆலை செய்த வேலை அல்ல, ஆலையை விட்டு வந்த பிறகு ஒரு கைவினைஞர் செய்த வேலை. அவர் யார் என்பதைக் காட்ட முடியாவிட்டால் கையில் இருப்பது அபூர்வப் பொருள் அல்ல, கெடுக்கப்பட்ட ஒரு கோல்ட். அவ்வளவுதான்.

இந்தப் பதிவு முழுக்க அமெரிக்காவில் ஏறத்தாழ 1950 முதல் 1985 வரை நடந்த வேலைகளைப் பற்றியது. மாற்றம் செய்யும் கலை அங்கேதான், அந்தக் காலத்தில்தான் தனிப் பள்ளிகளாக வளர்ந்தது. ஜெர்மனியில் எர்மா நிறுவனம் லூகர் பிஸ்டலுக்குச் செய்த .22 காலிபர் (குண்டின் அளவு) மாற்றுத் தொகுப்பும், முதல் போருக்குப் பிறகு 1920 என்று இரண்டாவது தேதி குத்தப்பட்ட லூகர்களும் சுவையான துறைகள். ஆனால் அவை வேறு கணக்கு.

ராணுவப் பட்டறை வேலையிலிருந்து தொடங்குவது புதியவருக்கு நல்லது. காரணம், அங்கே குறி தெளிவாக இருக்கிறது. 1950களின் நடுவிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி, ஒஹாயோவில் கேம்ப் பெர்ரி தேசியப் போட்டிகளுக்காகப் பழைய 1911 ஏ1 பிஸ்டல்களைக் கழற்றி, இறுக்கிப் பொருத்தி, நேஷனல் மேட்ச் (என்எம்) பிஸ்டல்களாக மாற்றியது. அதற்கென்றே செய்த ஸ்லைடில் (சுடும்போது பின்னும் முன்னும் ஓடும் மேல்பாகம்) ‘என்எம் 7791435’ என்றும் பேரலில் ‘என்எம் 7791414’ என்றும் இருக்கும். ஒன்றோடொன்று பொருத்திய பாகங்கள் கலந்துவிடக் கூடாதென்று பிரேமில் (கைப்பிடியோடு சேர்ந்த உடல்பாகம்) உள்ள சீரியல் எண்ணின் கடைசி இலக்கங்களைப் பேரலிலும் புஷ்ஷிங்கிலும் (பேரல் முனையைத் தாங்கும் வளையம்) குறித்திருப்பார்கள். அந்த இலக்கங்கள் ஒத்துப்போகாவிட்டால் அது உதிரிபாகங்களைக் கூட்டிச் சேர்த்த பிஸ்டல். என்எம் ஸ்லைடும் பேரலும் பிற்பாடு உதிரியாகவும் வெளியே வந்தன. சாதாரண பிரேமில் அவற்றை மாட்டி விற்பது பழைய தந்திரம். அரசுத் திட்டத்தின் வழியாகப் போட்டியாளர்களுக்கு விற்கப்பட்டவை டிடி 1348 என்ற அனுப்பீட்டுப் படிவத்தோடு வந்தன. அதில் இருக்கும் சீரியல் எண்ணும் பிரேமில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஜெனரல்களுக்காக ராக் ஐலண்ட் ஆயுதச்சாலை செய்த எம்15 இன்னொரு ரகம். 5 அங்குலப் பேரல் கொண்ட 1911 ஏ1ஐ எடுத்து, பேரலையும் ஸ்லைடையும் கோல்ட் கமாண்டர் மாடலின் அளவுக்கு, அதாவது 4.25 அங்குலத்துக்குக் குறுக்கினார்கள். 1972இல் ஏற்கப்பட்டது, செய்தது ஆயிரத்துச் சொச்சம்தான். மரக் கைப்பிடியில் ஜெனரலின் பெயர் பொறிக்க ஒரு பித்தளைத் தகடு உண்டு. அந்தத் தகட்டை மட்டும் நம்பாதீர்கள். பித்தளையில் பெயர் பொறிக்க எந்த நகைப் பட்டறையிலும் பத்து நிமிடம் போதும். ஓய்வு பெறும்போது அந்த அதிகாரி அதைப் பெற்றதற்கான காகிதம்தான் எடை.

இனி விஷயத்தின் நடுவுக்கு வருவோம்: 1911ஐ .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவைச் சுட வைக்கும் மாற்றங்கள். வெளியிலிருந்து பார்த்தால் சலிப்பான கறுப்பு 1911. உள்ளே இருப்பது இந்தத் துறையின் மிகக் கடினமான பொறியியல்.

அமெரிக்காவில் புல்ஸ்ஐ எனப்படும் இலக்குச் சுடும் போட்டி மூன்று துப்பாக்கிப் போட்டி: .22, ஏதேனும் ஒரு சென்டர்ஃபயர் (அடியின் நடுவில் அடித்து வெடிக்க வைக்கும் தோட்டா), அப்புறம் .45. ஒவ்வொன்றுக்கும் 900 புள்ளி, மொத்தம் 2700. நடுவில் வரும் சென்டர்ஃபயர் சுற்றுக்குப் பெரும்பாலோர் .38 ரிவால்வர் வைத்திருந்தார்கள். ஆனால் பத்து நொடியில் ஐந்து சுடும் வேகச் சுற்றில் ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கட்டைவிரலால் இழுக்க வேண்டியிருந்தது. 1911இன் அதே பிடி, அதே ட்ரிகர், ஆனால் .38இன் மெல்லிய உதைப்பு என்று ஒரு பிஸ்டல் இருந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசையில் பிறந்ததுதான் இந்த மாற்றம். லூயிசியானாவின் ஜிம் கிளார்க், ஃபுளோரிடாவின் ஜான் ஜைல்ஸ் ஆகியோரின் பெயர் இதனால்தான் நிற்கிறது. கிளார்க் வெறும் கன்ஸ்மித் (துப்பாக்கிக் கைவினைஞர்) அல்ல, 1958இல் தேசிய பிஸ்டல் சாம்பியன். அவர் செய்த பிஸ்டலில் ஒவ்வொரு முடிவும் சுடுபவரின் முடிவு.

சிக்கல் தோட்டாவில் இருக்கிறது. .38 ஸ்பெஷல் ரிவால்வர் தோட்டா, அடியில் விளிம்பு உண்டு, விளிம்பின் விட்டம் 0.440 அங்குலம். உருண்டை மூக்குக் குண்டு போட்டால் மொத்த நீளம் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டும்; 1911 மேகசினில் நுழையவே நுழையாது. ஆனால் தட்டை மூக்கு கொண்ட 148 கிரெய்ன் வாட்கட்டர் குண்டு தோட்டாக் கூட்டின் வாயோடு வாயாக உள்ளே உட்காரும். மொத்த நீளம் கூட்டின் நீளமே, 1.155 அங்குலம் அளவு. அது நுழையும். .38 சூப்பர் என்ற பிஸ்டல் தோட்டாவின் நீளமோ 1.280. ஆகவே சூப்பர் மேகசினில் பின்புறம் ஒரு தடுப்பு வைத்தால் வாட்கட்டர் சரியாக உட்காரும்.

எந்த பிஸ்டலில் தொடங்குவது என்பதையும் விளிம்புதான் தீர்மானித்தது. .45 ஸ்லைடின் பின்முகம் (தோட்டாவின் அடி உட்காரும் இடம்) 0.480 அங்குல அடிக்கு வெட்டப்பட்டது. .38 அதில் தளதளவென்று ஆடும், எக்ஸ்ட்ராக்டர் (கூட்டை இழுக்கும் கொக்கி) பிடிக்காது. .38 சூப்பர் ஸ்லைடோ 0.406க்கு வெட்டப்பட்டது; அதை அகலப்படுத்திக்கொள்ளலாம். குறுகியதை அகலமாக்கலாம், அகலமானதைக் குறுக்க முடியாது. ஆகவே உண்மையான .38 மாற்றம் என்று காட்டப்படும் பிஸ்டலின் ஸ்லைடில் சூப்பர் .38 என்ற ஆலை முத்திரை இல்லாமல் .45இன் முத்திரை இருந்தால் கேள்வி கேளுங்கள். விடை இருக்கலாம், ஆனால் கேட்க வேண்டும்.

பின்முகத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். நல்ல வேலையில் அகலப்படுத்திய விளிம்பு ஒரே வட்டமாக, மூலையில் அரத் தடம் இல்லாமல் இருக்கும். ஃபயரிங் பின் துளையைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருந்தால் யாரோ சூப்பர் தோட்டாவின் அழுத்தத்தில் ஏதோ சுட்டிருக்கிறார்கள், அல்லது ஆயிரக்கணக்கில் சுட்டிருக்கிறார்கள்.

அடிக்கடி வரும் கோளாறு மூன்று. முதலாவது, விளிம்பு மாட்டிக்கொள்வது. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் ஸ்லைடு தள்ளும்போது இரண்டும் சேர்ந்து நகர்ந்து இறுகிவிடும். ஐந்து தோட்டாவுக்கு மேல் மேகசின் கொள்ளாததற்கு இந்த அடுக்கு ஒழுங்கும் ஒரு காரணம். போட்டியில் ஒரு சுற்றே ஐந்துதான் என்பதால் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. இரண்டாவது, ரீகாயில் ஸ்பிரிங். .45 கவர்மென்ட் மாடலுக்கு 16 பவுண்டு ஸ்பிரிங் வழக்கம். வாட்கட்டர் தரும் உந்துதல் அதைத் தள்ளப் போதாது; ஸ்லைடு பாதிவழி வந்து திரும்பி, சுட்ட கூட்டை வாயில் கவ்விக்கொண்டு நிற்கும். இடையில் வந்த எந்த உரிமையாளரோ ‘புது ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தேன்’ என்று பெருமையாகச் சொன்னால், அவர் கழற்றிய பழைய மெல்லிய ஸ்பிரிங் எங்கே என்று கேளுங்கள். செய்தவர் தேர்ந்த ஸ்பிரிங் அதுதான். மூன்றாவது, குண்டு ஆழமாக அமுங்குவது. வாட்கட்டரைச் சுற்றிய கூட்டின் வாய்மடிப்பு தளர்ந்தால் மேலேறும்போது குண்டு உள்ளே தள்ளப்பட்டு அழுத்தம் கூடும்.

இந்த இடத்தில் ஒரு கண்ணிவெடி உண்டு. ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங்கில் இருந்த ராணுவத் துப்பாக்கிச் சுடும் பிரிவு .38 ஏஎம்யூ என்றொரு தோட்டாவைப் பயன்படுத்தியது. .38 ஸ்பெஷல் கூட்டின் விளிம்பைக் குறைத்து, எக்ஸ்ட்ராக்டர் பிடிக்கப் பள்ளம் வெட்டியது அது. அதற்காகச் செய்த பிஸ்டலில் சாதாரண .38 ஸ்பெஷல் சரியாக ஓடாது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். பின்முகத்தைக் காலிப்பரால் அளந்தால்தான் தெரியும். ஓடாத பிஸ்டலை ‘சரி செய்கிறேன்’ என்று பின்முகத்தை அகலப்படுத்தி, அபூர்வமானதைச் சாதாரணமாக்கிய கதி சிலவற்றுக்கு நேர்ந்திருக்கிறது.

கோல்ட் ஆலையே 1960களில் .38 ஸ்பெஷல் கோல்டு கப் மிட்ரேஞ்சை வெளியிட்டது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1961இல் மாடல் 52ஐக் கொண்டுவந்தது. இரண்டும் நல்ல பிஸ்டல்கள். ஆனால் ஆலையில் பிறந்தவை. நம் பேச்சில் அவற்றின் இடம் ஒப்பீட்டுக்கு மட்டும்.

.38/45 கிளெர்க் என்ற தோட்டா இன்னொரு வழி. 1963இல் வந்தது. .45 கூட்டின் கழுத்தை .38க்குச் சுருக்கினார்கள், அடி .45இன் அடியே என்பதால் ஸ்லைடைத் தொட வேண்டாம், பேரலும் ஸ்பிரிங்கும் மாற்றினால் போதும். மாற்றம் எளிது என்பதாலேயே அது சேகரிப்பில் எடை குறைந்தது. பேரலோடு வந்த தோட்டா அச்சுகளும் கூடுகளும் கிடைத்தால் வாங்குங்கள்; தனியே தேடினால் சலித்துப்போவீர்கள்.

நீள ஸ்லைடு பிஸ்டல்கள் பார்வைக்கு மிகவும் வசீகரமானவை. இரண்டு ஸ்லைடுகளை வெட்டி, ஒட்டி, 6 அங்குலப் பேரலுக்கு நீட்டுவார்கள். கிளார்க்கும், கலிஃபோர்னியாவின் ஜேம்ஸ் ஹோக்கும் இதில் பெயர் பெற்றவர்கள். வெல்டிங் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. ப்ளூயிங் செய்த எஃகில், நிரப்பிய உலோகம் வேறு கலவை என்பதால், சாய்ந்த பகல் வெளிச்சத்தில் ஒரு பட்டை செந்நீலமாகவோ பழுப்பாகவோ மின்னும். குழல் விளக்கில் அது தெரியாது. பட்டை தெரிந்தால் அது குறையல்ல, சாட்சி. பட்டையே தெரியாமல், ஸ்லைடும் நீளமாக இருந்து, ஹார்டு குரோம் பூசியிருந்தால், வேலை அற்புதமாக இருக்கலாம் அல்லது பிற்காலத்தில் ஆலையில் நீளமாகவே செய்த ஸ்லைடாக இருக்கலாம். ஸ்லைடின் உள்புறத்தில், பேரல் முனை உரசும் சுரங்கத்தில், பாலிஷ் போடுவது கடினம். ஒட்டின் தடம் அங்கே தங்கும். பேனா விளக்கை முன்பக்கத்திலிருந்து விட்டுப் பாருங்கள். பட்டையில் மயிரிழை விரிசல் இருந்தால் அந்த பிஸ்டல் கண்ணாடிப் பேழைக்கு மட்டும்.

கலிஃபோர்னியாவின் ஆர்மண்ட் ஸ்வென்சன் கையை அறிய மூன்று அடையாளங்களைச் சொல்வார்கள்: இரு பக்கமும் இயங்கும் பாதுகாப்புத் தடுப்பு, முன்புறம் சதுரமாக்கிய ட்ரிகர் காவல் வளையம், பிடியில் நுண்கட்டம் (வழுக்காமலிருக்க வெட்டும் குறுக்குக் கோடுகள்). சிக்கல் என்னவென்றால், அந்த மூன்றையும் அப்புறம் எல்லோரும் செய்தார்கள். ஆகவே செய்த முறையைத்தான் படிக்க வேண்டும். நுண்கட்டத்தைப் பாருங்கள். அங்குலத்துக்கு 20 கோடா, 30 கோடா என்பது முக்கியமல்ல. கோடுகள் எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடியிருக்கின்றனவா, பிடியின் வளைவில் இடைவெளி மாறுகிறதா, வைரங்கள் எல்லாம் ஒரே உயரமா என்பதுதான் முக்கியம். கையால் வெட்டியதில் மிக மெல்லிய ஏற்றத்தாழ்வு இருக்கும். இயந்திரத்தில் வெட்டியதில் அது இருக்காது. ஒரு ‘1972 வேலை’யில் இயந்திரக் கச்சிதம் தெரிந்தால் சந்தேகப்படலாம்.

காலப்பிழை தேடுவது போலியைப் பிடிக்கச் சுலபமான வழி. கோல்ட் 1970இல் சீரிஸ் 70ஐக் கொண்டுவந்தது. அதில் விரல்விரலாகப் பிளந்த புஷ்ஷிங் இருந்தது. அந்த விரல் உடைந்துபோகும் என்ற பயத்தில் பெரும்பாலான கன்ஸ்மித்துகள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திடமான புஷ்ஷிங் பொருத்தினார்கள். ஆகவே போட்டி பிஸ்டலில் அது இல்லாதது இயல்பு. 1983இல் சீரிஸ் 80 வந்தது. ஃபயரிங் பின்னைத் தடுக்கும் சிறு நெம்புகோல்களுக்காகப் பிரேமில் கூடுதல் வெட்டு உண்டு. அந்த வெட்டு இருக்கும் பிரேமை 1975 மாற்றம் என்று யாராவது சொன்னால் மேலே கேட்க ஒன்றுமில்லை. ஆறு மூலை நட்சத்திரத் தலை திருகு, அதாவது டார்க்ஸ், 1967க்கு முன்னால் உலகத்திலேயே இல்லை. 1960 ரசீதோடு வரும் பிஸ்டலின் சைட் அந்தத் திருகில் நின்றால், குறைந்தபட்சம் சைட் மாறியிருக்கிறது. கட்டைவிரல் இடுக்கை அணைத்து மேலே வளையும் பெரிய பீவர்டெயில் பிடிப்பாதுகாப்பையும் இதே கண்ணோடு பாருங்கள்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 39ஐ அடிப்படையாக வைத்து வந்த, உடையில் மறைத்துச் சுமக்கும் வகைதான் இன்று பலரின் கனவு. 1950களின் நடுவில் வந்த 9 மில்லிமீட்டர் பிஸ்டல், 4 அங்குலப் பேரல், எட்டு தோட்டா, அலுமினியக் கலவைப் பிரேம், முதல் சுடுதலுக்கு ஹேமரை ஏற்ற வேண்டாம், ட்ரிகர் இழுப்பே போதும். நியூயார்க்கில் ஹோல்ஸ்டர் செய்துகொண்டிருந்த பாரிஸ் தியடோர் இதை வெட்டிச் சுருக்கி ஏஎஸ்பி என்ற பிஸ்டலாக ஆக்கினார். ஸ்லைடின் மேல் வழக்கமான முன் சைட், பின் சைட் எதுவும் இல்லை. கட்டர்ஸ்னைப் என்ற ஒரு சிறு வாய்க்கால் மட்டும். அதன் மூன்று சுவரும் சமமாகத் தெரிந்தால் குறி நேராக இருக்கிறது. கைப்பிடித் தகடு ஒளி ஊடுருவும் லெக்ஸான். மேகசினின் பக்கத்திலும் வெட்டு. எத்தனை தோட்டா மீதி என்று பிடித்த பிடியிலேயே தெரியும்.

லெக்ஸான் என்பது பாலிகார்பனேட். அது இந்த பிஸ்டலின் உயிர்நிலை. அம்மோனியா கலந்த பேரல் கரைப்பான், அசிட்டோன், பிரேக் கிளீனர் போன்ற குளோரின் கரைப்பான் எதுவும் அதில் படக் கூடாது. பட்டால் உடனே ஒன்றும் ஆகாது. சில நாளில் திருகுத் துளையைச் சுற்றிச் சிலந்திவலை விரிசல் ஓடும். ஏனென்றால் திருகு இறுக்கிய இடத்தில் பொருளுக்குள் ஏற்கெனவே இழுவிசை இருக்கிறது, கரைப்பான் அதைத் திறந்துவிடுகிறது. சுத்தம் செய்யும் முன் தகடுகளைக் கழற்றுங்கள். சோப்புத் தண்ணீரும் மென்துணியும் போதும். திரும்பப் பூட்டும்போது திருகு தொட்டதும் நிறுத்தி, துளியளவு திருப்புங்கள். அதற்கு மேல் வேண்டாம். மஞ்சள் படிந்த, விரிசல் இல்லாத அசல் தகட்டைப் பளபளக்கும் புது நகலுக்காக மாற்றுபவர்களைப் பார்த்தால் வயிறெரிகிறது.

மாடல் 39இல் காந்தம் ஒரு வேலை செய்யும். பிரேமில் ஒட்டினால் அது எஃகுப் பிரேம். எஃகுப் பிரேம் 39கள் தொள்ளாயிரத்துச் சொச்சம்தான் செய்யப்பட்டன. அப்படி ஒன்றை யாராவது வெட்டி மாற்றியிருந்தால், மாற்றியவர் பெரிய கையாக இல்லாதவரை அது நஷ்டக் கணக்கு. கலவைப் பிரேமில் பார்க்க வேண்டியது ஸ்லைடு ஓடும் தண்டவாளங்கள்: கறுப்பு அனோடைசிங் தேய்ந்து வெள்ளி தெரிவது இயல்பு, தண்டவாளத்தின் வேரில் விரிசல் இயல்பல்ல.

சார்ல்ஸ் கெல்ஸியின் டெவெல் நிறுவன மாற்றங்களும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 39, மாடல் 59 ஆகியவற்றில் பிறந்தவையே. ஸ்லைடில் சாய்வாக வெட்டிய பள்ளங்கள் அவற்றைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். .45க்கு டெவெல் செய்த எட்டுத் தோட்டா மேகசின்தான் பலருக்கு அந்தப் பெயரோடு முதல் பழக்கம்.

ஜெர்மனியிலிருந்து கனெக்டிகட்டுக்கு வந்த லுட்விக் சீகேம்ப், கோல்ட் 1911க்கு, இழுப்பிலேயே ஹேமரை ஏற்றி விழச் செய்யும் டபுள் ஆக்‌ஷன் ட்ரிகர் பொருத்தினார். 1970களின் வேலை. முன்னால் ஒரு ஆடும் ட்ரிகர், அதற்கு இடம் தர முன்னோக்கி நீட்டிய காவல் வளையம். இதனால் பக்கத்திலிருந்து பார்த்தாலே 1911இன் முகம் மாறிவிடுகிறது. சரி பார்க்கும்போது இரண்டு வழியிலும் பாருங்கள்: ஹேமர் தாழ்ந்த நிலையில் நீள இழுப்பு வழியில் மாட்டாமல் வர வேண்டும், ஹேமர் உயர்ந்த நிலையில் குறு இழுப்பு சுத்தமாக உடைய வேண்டும். நீள இழுப்பு நடுவில் தட்டுத் தடுமாறினால் அதைத் திருத்தத் தெரிந்த கைகள் இன்று மிகக் குறைவு. அந்த உதிரிபாகங்கள் எந்தக் கடை அலமாரியிலும் இல்லை என்பதை விலை பேசும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேசைமேல் பிஸ்டலை வாங்கிப் பார்க்கும் ஒழுங்கைச் சொல்லிவிடலாம். பையில் இருக்க வேண்டியவை: பத்து மடங்கு உருப்பெருக்கி, இலக்கக் காலிப்பர், சிறு காந்தம், பேரல் விளக்கு, இரண்டு போலித் தோட்டா. மேகசினைக் கழற்று, ஸ்லைடைப் பின்னால் நிறுத்து, பேரலின் தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் பார். இது முடியாமல் வேறெதுவும் இல்லை. இன்னொன்று: போட்டி ட்ரிகர் கொண்ட 1911இல் வெறும் அறைமேல் ஸ்லைடைப் படாரென்று விடாதீர்கள். தோட்டா இல்லாதபோது ஸ்லைடின் வேகத்தைத் தணிக்க எதுவும் இல்லை. அந்த அதிர்ச்சி மென்மையாகச் சீவிய சியரின் (ஹேமரைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) முனையைச் சிதைக்கும். விற்பவர் முகம் சுளிப்பதும் இதற்குத்தான். கையால் பிடித்து மெல்ல மூடுங்கள்.

உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு இயக்கத்தைச் சோதியுங்கள். ஹேமரை ஏற்றி, தடுப்பைப் போட்டு, ட்ரிகரை அழுத்தமாக இழுத்து விடுங்கள். தடுப்பை எடுங்கள். இப்போது ஹேமரைக் காதருகே வைத்துக் கட்டைவிரலால் மிக மெல்லப் பின்னால் இழுங்கள். ‘டிக்’ என்று ஒரு சிறு ஓசை கேட்டால், தடுப்பு போட்டிருந்தபோதே சியர் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தடுப்பு பொருந்தவில்லை. பிடிப்பாதுகாப்புக்கும் இதே சோதனை. டிஸ்கனெக்டருக்கு (ஸ்லைடு முழுதாக மூடாதபோது சுடவிடாமல் தடுக்கும் பாகம்) ஸ்லைடைக் கால் அங்குலம் பின்னால் பிடித்து ட்ரிகரை இழுங்கள்; ஹேமர் விழக் கூடாது. ஸ்லைடு மூடும்போது ஹேமர் கூடவே பின்தொடர்ந்து விழுந்தால் அந்த பிஸ்டலில் தோட்டா போடவே கூடாது. சியர் முனை கெட்டிருக்கிறது. இரண்டாய் மூன்றாய்ச் சுட்டுவிடும். அது உயிருக்கும் ஆபத்து, சட்டப்படியும் பெரும் தொல்லை. ட்ரிகர் எடையை எடைக்கட்டி தொங்கவிட்டு அளப்பது சிறந்தது. போட்டி விதியில் .45க்குக் குறைந்தது மூன்றரை பவுண்டு, சென்டர்ஃபயர் சுற்றுக்கு இரண்டரை. ஒரு பழைய .45 போட்டி பிஸ்டல் இரண்டு பவுண்டில் உடைந்தால், செய்தவர் அப்படி விட்டிருக்க மாட்டார். பின்னால் வந்த யாரோ தேய்த்திருக்கிறார்.

காகிதம் பற்றி ஒரு தெளிவு வேண்டும். கோல்ட் ஆவணக் கடிதம், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்றுக் கடிதம் இரண்டும் பிஸ்டல் ஆலையை விட்டு எப்போது, எந்தக் காலிபரில், என்ன பூச்சோடு, யாருக்கு அனுப்பப்பட்டது என்று சொல்லும். மாற்றத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஆனாலும் வாங்குங்கள், ஏனென்றால் அது எதிர்ச்சாட்சி: கடிதம் 1968 என்று சொல்ல, கன்ஸ்மித்தின் ரசீது 1965 என்று சொன்னால் ரசீது பொய். மாற்றத்துக்குச் சாட்சி வேலை ரசீது, கடிதப் போக்குவரத்து, தபால் பெட்டி, சோதனைக் குறியட்டை. குறியட்டையில் சீரியல் எண் எழுதியிருந்தால் அது தங்கம். எண் இல்லாத குறியட்டை எந்த பிஸ்டலோடும் பயணம் செய்யக்கூடியது.

பூச்சில், எழுத்தின் ஓரங்களைப் படியுங்கள். ஆலை முத்திரை மங்கி, துளைகளின் வாய் கிண்ணம்போல் குழிந்திருந்தால் சக்கரத்தில் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். கன்ஸ்மித்தே போட்டதாகவும் இருக்கலாம். அப்படியானால் அவர் வெட்டிய இடங்களும் அதே பூச்சில் இருக்கும். வெட்டிய இடம் புதுசாக, மற்ற இடம் பழசாக இருந்தால் அது கோல்டு ப்ளூ, அதாவது சூடாக்காமல் தடவும் ரசாயன ப்ளூயிங். கிட்டே வைத்தால் ஒரு பூண்டு வாடைபோல வீசும், செம்புச் சாயல் தெரியும். எலக்ட்ரோலெஸ் நிக்கல் லேசான மஞ்சள், ஹார்டு குரோம் சாம்பல் வெண்மை. மின்முலாம் பூசிய பழைய நிக்கலில் அம்மோனியாக் கரைப்பான் போடாதீர்கள். ஊசித்துளை வழியாக அடியிலிருக்கும் செம்பைத் தின்று முலாம் உரிந்துவிடும்.

ரப்பர் சுற்றுப்பிடி போட்ட பிஸ்டலாக இருந்தால் அதைக் கழற்றாமல் வாங்காதீர்கள். வியர்வை ரப்பருக்கும் எஃகுக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் தங்கும். வெளியே பளபளப்பு, உள்ளே முன்பிடி முழுக்கத் துருப்பள்ளம். அழகான நுண்கட்டம் அப்படி அழிந்திருப்பதைக் கழற்றும்போதுதான் அறிவீர்கள். அசல் ஹோல்ஸ்டர் கூட வந்திருந்தால் பிஸ்டலை அதில் வைக்காதீர்கள். தோல் பதப்படுத்திய அமிலமும் உப்பும் ஈரத்தை இழுத்து எஃகைக் கடிக்கும். இரண்டையும் தனித்தனியே, ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டியபடி வையுங்கள். எஃகுக்கு நுண்படிக மெழுகு மெல்லியதாக ஒரு பூச்சு. எண்ணெய் வழிந்து மரக் கைப்பிடியைக் கறுப்பாக்கும், மெழுகு ஆக்காது.

.22 மாற்றுத் தொகுப்புக்காரர்களுக்கு ஒரு வரி: கோல்ட் சர்வீஸ் மாடல் ஏஸ் வகையில் மிதக்கும் அறை (உதைப்பைக் கூட்டப் பின்னால் நகரும் தோட்டா அறை) ஈயமும் கரியும் படிந்து இறுகிக்கொள்ளும். சுத்தியலால் தட்டாமல், ஊடுருவும் எண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டுத் தள்ளுங்கள்.

சட்டத்தில் பலரும் தடுக்கி விழும் இடம் இது. ஐம்பது ஆண்டு ஆனால் தானாகவே அமெரிக்கச் சட்டத்தின் க்யூரியோ அண்ட் ரெலிக் (சேகரிப்புப் பழம்பொருள்) தகுதி வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அந்தத் தானியங்கித் தகுதி ஆலை வடிவத்தில் இருக்கும் துப்பாக்கிக்கு. வெட்டிச் சுருக்கிய, காலிபர் மாற்றிய பிஸ்டல் அந்த வழியில் தகுதி பெறாது. சேகரிப்பாளர் உரிமத்தில் நேரே தபாலில் வரவழைக்காமல் சாதாரண வணிகர் உரிமம் வழியாகவே வாங்குங்கள். சீரியல் எண் பாலிஷில் கரைந்தோ திருத்தப்பட்டோ இருந்தால், எவ்வளவு அபூர்வமானாலும் விலை பேசாமல் விலகிவிடுங்கள். அதை வைத்திருப்பதே கூட்டரசுக் குற்றமாகலாம்.

வாங்கும் வரிசையைக் கேட்டால், மேகசினை முதலில் தேடச் சொல்வேன். ஐந்து தோட்டா .38 மேகசினும், பக்கம் வெட்டிய ஏஎஸ்பி மேகசினும் பிஸ்டலைவிடச் சீக்கிரம் காணாமல் போகின்றன, ஏனென்றால் அவற்றை யாரும் ரசீதில் எழுதுவதில்லை. பிஸ்டலோடு வந்த மேகசின்களுக்கு அடித்தகட்டில் கீறாமல், பென்சில் சீட்டில் எண் கொடுங்கள். எதில் எது ஓடுகிறது, எது மாட்டுகிறது என்று எழுதி வையுங்கள். கழற்றிய ஸ்பிரிங், மாற்றிய புஷ்ஷிங், பழைய சைட், எல்லாவற்றையும் எண்ணெய்த்தாளில் சுற்றி, சீரியல் எண்ணை எழுதி, அதே பெட்டியில் போடுங்கள்.